தாழ்ப்பாள் எங்கே?

தோழரே,

நாடகம் எழுதுபவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே போனாலும் முன்புறம் பார்த்து மயங்க மாட்டான். பின்புறம் போய்ப் பார்ப்பான். அரசனின் மணிமுடி அட்டையில் செய்தது என்பது அங்கேதான் தெரியும்.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். மாணவியர் நடிக்கும் ஓரங்க நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக் கொடுக்கும் வேலை. எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேளாதீர்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்! முன்புறம் வாழை, தோரணம், வண்ணக் கோலம். சுவரிலே, உடல் நலமே பெருஞ்செல்வம் என்று முழங்கும் எழுத்துகள். பின்புறம் சென்றேன். சுற்றுச் சுவரோரம், நெருஞ்சிக்கும் எருக்கஞ்செடிக்கும் இடையே, நீல நிறத்திலே மணிகள் சிதறிக் கிடந்தன. பாசிமணி மாலை அறுந்ததோ என்று குனிந்தேன். பாசிமணி அல்ல, தோழரே. மாத்திரை!

இரும்புச் சத்து மாத்திரை. பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று என்று அரசு இலவசமாகத் தரும் நீல மாத்திரை. எதற்காகத் தருகிறார்கள்? 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது: 15 வயது முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை! ஆண் பிள்ளைகளிலும் நூற்றுக்கு 31 பேர்! வீரம் விளைந்த மண் என்று மேடையிலே நாம் மார்தட்டும்போது, எதிரே அமர்ந்து கைதட்டும் இளங்கைகளிலே இரத்தம் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க வந்த மருந்துதான் எருக்கஞ்செடியின் அடியிலே கிடந்தது.

யார் எறிந்தது? அன்று மாலை நாடகத்திலே கண்ணகியாக நடித்த பெண்ணையே கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு. பாண்டியன் அவையிலே சிலம்பை உடைக்கும் காட்சியில், எங்கள் குழுவின் நடிகைகளே வெட்கப்படும்படி நடித்த பெண். தலைகுனிந்து நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் வருவோம் அண்ணா. அதை விழுங்கினால் குமட்டும். ஒருநாள் வரிசையிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். 'என்னடி, மசக்கையா?' என்று கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, அப்புறம் பின்னால் வந்து துப்பிவிடுவேன்."

கேட்டது யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணைப் பார்த்து, நூறு பேர் நடுவிலே, மசக்கையா என்ற கேள்வி! சிரிப்பு! அதோடு முடிந்தது சிகிச்சை. பாண்டியனிடம் நீதி கேட்கத் தெரிந்த பெண்ணுக்கு, 'வயிற்றைக் குமட்டுகிறது, உணவுக்குப் பிறகு தரக்கூடாதா?' என்று கேட்கும் இடம் பள்ளியில் இல்லை. அவளைக் கோழை என்பீர்களா? கோவலன் மனைவிக்கு அரண்மனை வாயிற்காவலனாவது உள்ளே போய்ச் செய்தி சொன்னான். இவளுக்கு யார் சொல்வார்?

உணவுக்குப் பிறகு விழுங்கினால் அந்தக் குமட்டல் பெரும்பாலும் அடங்கும். இது மருத்துவ உலகின் மறைபொருள் அல்ல. மாத்திரை தரும் எவருக்கும் கற்றுத் தரப்படும் செய்தி. 2022 இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தது. இவளோ ஒன்பதாம் வகுப்பு. ஆகவே மதிய உணவு முடிந்தபின் மாத்திரையைத் தந்திருந்தால் போதும். ஒரு மணி நேர மாற்றம்! ஆனால், ஏடுகளிலே 'வழங்கப்பட்டது' என்று காலையிலேயே கையெழுத்து விழுந்தாக வேண்டுமே! மாத்திரை பெட்டியிலிருந்து போனால் வழங்கப்பட்டது. பிள்ளையின் வயிற்றுக்குப் போனதா, எருக்கஞ்செடிக்குப் போனதா என்று கேட்க எந்த ஏட்டிலும் கட்டம் இல்லை.

இதைத்தான் இன்று உங்களிடம் வழக்காடப் போகிறேன். பள்ளியிலே பிள்ளைகளின் உடல் நலம் காக்கத் திட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. திட்டங்கள் இருக்கின்றன, ஆண்டுக்கு ஆண்டு பெயர் சூட்டிக்கொண்டு வருகின்றன. 1909 இல் பரோடாவிலே பள்ளி மாணவரைச் சோதிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த நாட்டிலே இந்தப் பணி நடக்கிறது. 1946 இல் போர் குழு, இந்தியாவில் பள்ளி மருத்துவப் பணி ஏறக்குறைய இல்லை என்றே எழுதிற்று. 1960 இல் இதற்கென்றே ஒரு குழு போட்டார்கள். 2013 இல் பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளைச் சோதிக்க, ஊர்தியிலே வரும் மருத்துவக் குழு. 2014 ஜனவரியில் 10 முதல் 19 வயதினருக்கென்றே தனித் திட்டம். அதன்படி மருத்துவமனைகளிலே வளரிளம் பருவத்தினருக்கு நட்பான மருத்துவ இல்லங்கள். 2020 இல் பள்ளிக்கு இரண்டு ஆசிரியரை உடல் நலத் தூதுவர் ஆக்கும் திட்டம். குறை எங்கே? இத்தனையும் பிள்ளைக்காக வந்தன. பிள்ளையைக் கேட்டு வரவில்லை. வாயில் திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே நுழைந்தால் மானம் போகும் என்று அஞ்சி, பிள்ளை வெளியே நிற்கிறது.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டு வந்தவன் நான் என்பதை எதிர்க்கட்சி நண்பர்கள் மேடைதோறும் விளம்பரம் செய்கிறார்கள், நன்றி. அதற்கு முந்தைய கதை அவர்களுக்குத் தெரியாது. எனக்குப் பதினைந்து வயது. தொடையிலே படர்தாமரை. பள்ளிக்கு மருத்துவர் வந்தார். தாழ்வாரத்திலே எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். மேல்சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அறுபது பையன்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு நிமிடம்கூட இல்லை. எனக்கு முன்னால் நின்றவன் அந்தரங்கமான ஒரு நோவை அவர் காதோரம் சொன்னான். அவரோ எழுதிக்கொண்டிருந்த உதவியாளருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான்! பள்ளிப் படிப்பு முடிகிறவரை அவனுக்கு அதுவே பட்டப்பெயர். என் முறை வந்தது. "ஏதாவது உண்டா?" என்றார். "ஒன்றும் இல்லை ஐயா" என்றேன். ஒரு மாதத்தில் ஆறியிருக்க வேண்டியதை இரண்டாண்டு சொறிந்துகொண்டு திரிந்தேன். அந்த மருத்துவர் கொடியவர் அல்லர். அன்று இன்னும் மூன்று பள்ளிகள் அவருக்குப் பாக்கி இருந்தன. கொடியது அந்த வரிசை.

வரிசையில் நிறுத்திக் குறை கண்டுபிடிப்பது ஒன்று. அருகில் அமர்த்திக் குறை தீர்ப்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை நூறாண்டுக்கு முன்பே கண்ட ஊர் ஒன்று உண்டு: நியூயார்க். ஆம், டாலர் கொழிக்கும் அதே நியூயார்க்! அங்கே 1897 முதல் பள்ளிகளுக்கு மருத்துவர்கள் போனார்கள். போய் என்ன செய்தார்கள்? தலையிலே புண்ணா, வெளியே போ! கண் நோயா, வெளியே போ! சொறியா, வெளியே போ! பிள்ளையின் கையிலே ஒரு சீட்டு. பிழைக்க வழிதேடிக் கடல் கடந்து வந்த ஏழைகளின் பிள்ளைகள் அவர்கள். அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்? சீட்டு அடுப்புக்குப் போயிற்று. பிள்ளை தெருவுக்குப் போயிற்று. வகுப்பிலே ஒட்டக்கூடாது என்று விரட்டப்பட்ட நோய், தெருவிலே அதே பிள்ளைகளோடு கூடி விளையாடிற்று!

அந்த ஊரின் ஏழைச் சேரியிலே வாழ்ந்து பணிசெய்த செவிலி லிலியன் வால்ட். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவர் சந்தித்தார். லூயி என்று பெயர். தலையிலே புண் என்பதால் பள்ளிக்கூடமே அவனைச் சேர்க்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. மருந்து தடவினார், புண் ஆறிற்று, பையன் பள்ளிக்குப் போனான். ஒரு டப்பி மருந்துக்காக ஒரு பிள்ளையின் கல்வி காத்துக் கிடந்தது! 1902 அக்டோபரில், வால்ட் தம் தோழியான லீனா ராஜர்ஸ் என்ற செவிலியை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். அந்தப் பெண் விரட்டவில்லை. புண்ணைக் கழுவினார், கட்டுப் போட்டார், வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். மாலையில் வீட்டுக்கே போய்த் தாயிடம் தாயின் மொழி புரியும்படி விளக்கினார். நகராட்சி மேலும் செவிலியரை அமர்த்திற்று. 1902 செப்டம்பரில் பள்ளியைவிட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் 10,567. அடுத்த ஆண்டு அதே செப்டம்பரில் 1,101. நோய் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடவில்லை, தோழரே; நோயாளிப் பிள்ளையை நடத்தும் முறை மாறிற்று.

வள்ளுவர் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்று மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் சொன்னார். எண்ணும்போது யாரை முதலில் வைத்தார்? மருத்துவரை அல்ல, மருந்தை அல்ல, நோயுற்றவனை! நம் திட்டங்களோ நான்காவதை மறந்தன, முதலாவதைக் கடைசியில் தள்ளின.

'அப்படியானால் பள்ளியிலேயே ஓர் அறை கட்டி, ஒரு செவிலியை அமர்த்திவிட்டால் தீர்ந்ததா?' என்று கேட்பீர்கள். தீராது. அதற்கும் ஒரு படிப்பினை உண்டு. 1973 இல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, செயின்ட் பால் நகரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே மருத்துவ இல்லம் திறந்தார்கள். நல்ல நோக்கம். இளம் வயதிலே கருவுற்றுப் படிப்பை இழக்கும் மாணவியரைக் காப்பாற்ற வேண்டும் என்று, கருத்தடை அறிவுரை, கருவுற்றோர் கவனிப்பு, பால்வினை நோய்ச் சோதனை ஆகியவற்றுக்காக அந்த இல்லம் திறக்கப்பட்டது. மருத்துவர் தயார்! மருந்து தயார்! மாணவர்தாம் வரவில்லை. ஏன் வருவார்கள்? அந்தக் கதவைத் தொட்டாலே, எதற்காகப் போகிறாள் என்று பள்ளி முழுவதற்கும் தெரிந்துவிடுமே! கதவு அல்ல அது, பறை!

பிறகு அறிவு வந்தது. விளையாட்டு வீரனுக்குத் தகுதிச் சோதனை, வேலைக்குப் போகிறவனுக்குச் சான்று, தடுப்பூசி, உடல் எடை குறைக்க வழி என்று எல்லாவற்றையும் அங்கே சேர்த்தார்கள். கணுக்கால் சுளுக்கியவனும் வந்தான், கண்ணீரை மறைத்தவளும் வந்தாள். யார் எதற்கு வந்தார் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் கூட்டம் வந்தது. நாட்டின் பல பகுதியிலும் பள்ளி மருத்துவ இல்லங்கள் எழுந்தபோது, செயின்ட் பால் நகரைத்தான் பலரும் எடுத்துக்காட்டாகக் கொண்டார்கள்.

கூட்டத்திலே ஒளிந்துகொள்ள இடம் கொடு என்பதுதான் அந்த அறிவு. நம் ஊரிலே என்ன செய்கிறோம்? 'வளரிளம் பெண்களுக்கான ஆலோசனை' என்று பெரிய எழுத்திலே பலகை மாட்டுகிறோம். அதையும் தலைமையாசிரியர் அறைக்கு எதிரே மாட்டுகிறோம்! முகப்பருவுக்கு மருந்து உண்டா அங்கே? பல்வலிக்கு? கரும்பலகை தெரியாத கண்ணுக்கு? பருவைக் காட்ட வருகிற பிள்ளைதான் நான்கு முறை வந்த பிறகு, ஐந்தாம் முறை இரவெல்லாம் உறக்கம் வரவில்லை என்று சொல்லும். பரு அற்பம் என்று சிரிப்பவர் அந்த ஐந்தாம் வரவைக் கொன்றுவிடுகிறார்.

இப்போது, வெள்ளை வேட்டிக் கனவான்கள் எழுகிறார்கள். "பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பெற்றோரை மறைத்து ஓர் இரகசியமா? குடும்பம் என்னாவது? பண்பாடு என்னாவது?"

இந்தக் கேள்வி இலண்டனிலேயே எழுந்தது. விக்டோரியா கில்லிக் என்றொரு தாய் வழக்குத் தொடுத்தார். பதினாறு வயதுக்குக் குறைந்த தன் பெண்களுக்குத் தனக்குத் தெரியாமல் மருத்துவர் கருத்தடை அறிவுரை தரக்கூடாது என்பது வழக்கு. இடையிலே ஒரு மன்றம் அவர் பக்கம் நின்றது. 1985 இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தனர்: தனக்கு என்ன செய்யப்படுகிறது என்பதை முழுமையாக விளங்கிக்கொள்ளும் அறிவு அந்தப் பிள்ளைக்கு இருந்தால், அதன் ஒப்புதல் ஒப்புதலே. ஆனால் அந்தத் தீர்ப்பு பெற்றோரைத் தூக்கி எறியவில்லை. பெற்றோரிடம் சொல்லும்படி பிள்ளையை இணங்க வைக்க மருத்துவர் முயல வேண்டும் என்றும் சொல்லிற்று. மூடிவைப்பது நோக்கமல்ல, பிள்ளை வாய் திறப்பதே நோக்கம்.

நம் நாட்டுச் சட்டம் வேறு. பதினெட்டு வயதுவரை பிள்ளை பிள்ளையே. 2012 இல் குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க வந்த சட்டம், குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்கோ அதற்கென உள்ள அலுவலருக்கோ சொல்லியே ஆக வேண்டும் என்கிறது; சொல்லாவிட்டால் தண்டனை. வேண்டிய சட்டம்தான். கயவனைக் காப்பாற்றும் மௌனம் நமக்கு வேண்டாம். ஆயினும் அதன் நிழல் எங்கே விழுகிறது பாருங்கள்! அறியா வயதிலே தடுமாறிய ஒரு பெண், மருத்துவரிடம் போனால் காவல் நிலையத்திலே தன் பெயர் ஏறும் என்று அஞ்சி, மருந்துக்கடையின் பின்வாசலுக்கும் போலி மருத்துவரிடத்திற்கும் ஓடுகிறாள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம் இந்த அச்சத்தைக் கண்டது. கருக்கலைப்புக்கு வரும் பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணும் அவளுடைய காப்பாளரும் வேண்டிக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் அறிக்கையிலே மருத்துவர் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்றது. உச்சநீதிமன்றத்துக்குத் தெரிந்தது பள்ளித் தாழ்வாரத்துக்கு எப்போது தெரியும்?

இரகசியம் என்றால் எல்லாவற்றையும் புதைப்பது என்று நான் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றாலோ, பிள்ளையை ஒருவன் சீரழிக்கிறான் என்றாலோ, வாய் மூடி இருப்பது துரோகம். அதை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: "நீ சொல்வது இந்த அறையைத் தாண்டாது. உன் உயிரோ பாதுகாப்போ ஆபத்தில் இருந்தால் மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டு, உதவி செய்யக்கூடியவரிடம் பேசுவேன்." இரண்டு வாக்கியங்கள்தாம்! இதைச் சொல்லப் பழகாதவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் அந்த நாற்காலிக்குத் தகுதியில்லை.

2022 இல் மட்டும் இந்நாட்டில் தற்கொலையால் மாண்டவர்களில் மாணவர் 13,044 பேர் என்று குற்றப் பதிவு ஆணையத்தின் ஏடு சொல்கிறது. தேர்வு, வறுமை, காதல், அவமானம், வீட்டு வன்முறை, உள்ள நோய் என்று காரணம் ஒன்றா இரண்டா? ஒவ்வொருவர் கதையும் வேறு. ஒரே காரணத்தைச் சொல்லி ஊரை ஏமாற்ற மாட்டேன். அதே ஆண்டு அக்டோபரில் 14416 என்ற தொலைபேசி உதவி எண் தொடங்கப்பட்டது. நல்லது, பள்ளியின் ஒவ்வொரு கழிப்பறைக் கதவிலும், ஆம், கழிப்பறைக் கதவின் உட்புறத்தில், அந்த எண்ணை எழுதி வையுங்கள். அறிவிப்புப் பலகையில் எழுதினால் அதன் முன் நின்று குறித்துக்கொள்ளத் துணிபவன் யார்? அழைக்கத் தொலைபேசியே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கோ, பள்ளியிலேயே ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர் ஆசிரியராகவே இருக்கலாமே என்கிறது திட்டம். ஆசிரியர்மீது எனக்குக் கோபம் இல்லை. தேர்தல் வேலையும், கணக்கெடுப்பு வேலையும், விலையில்லாப் பொருள் வழங்கும் வேலையும் போக, மிஞ்சிய நேரத்தில் பாடம் நடத்தும் பாவப்பட்டவர் அவர். பிள்ளையிடம் அன்புள்ளவர் ஆயிரம் பேர் உண்டு. ஆனாலும் மதிப்பெண் போடும் கையிடம் மனத்தைத் திறப்பது எளிதா? செய்முறைத் தேர்வு அவரிடம்! நடத்தைச் சான்று அவரிடம்! மாலையில் கடைத்தெருவிலே அப்பாவோடு நின்று பேசுபவரும் அவரே! தூதுவர் என்று பெயர் வைத்தீர்கள்; தூதுவனுக்கு முதல் இலக்கணம், எந்தச் செய்தியை எங்கே சொல்லக்கூடாது என்று அறிவதல்லவா? ஆசிரியர் நலம் பற்றிப் பாடம் நடத்தட்டும். பிள்ளையின் நோவைக் கேட்க, பள்ளியின் அதிகாரத்துக்கு உட்படாத செவிலியர் வேண்டும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்று தேர்ந்துகொள்ளும் உரிமையோடு.

செலவு, செலவு என்று கோப்பு முனகும். அந்த முனகல் பழைய பாட்டு. 1920 இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையிலே, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர முன்வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று வெள்ளையர் ஆட்சி குறுக்கே நின்றது. 1925 இல் அடுப்பு அணைந்தது. கல்வி வேறு, வயிறு வேறு என்றது அன்றைய கோப்பு! ஆனால் 1956 இல் காமராசர் மதிய உணவைப் பரப்பினார். 1982 இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், 2022 இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. வயிறு இல்லாத கல்வி இல்லை என்று இந்த மண் ஒரு நூற்றாண்டு போராடி நிலைநாட்டிற்று. உணவை வரிசையில் நிறுத்திக் கொடுக்கலாம். பசிக்கு வெட்கம் குறைவு. மருந்தை அப்படிக் கொடுக்க முடியாது. அந்த வேறுபாட்டுக்குத்தான் ஓர் அறையும் ஒரு கதவும் கேட்கிறேன்.

சரி, நம்மவர் பக்கம் திரும்புகிறேன். மேடையிலே பெண்ணுரிமை பேசிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் தோழரே! உங்கள் மகளுக்கு மாதந்தோறும் வயிற்றுவலி எத்தனை நாள் என்று தெரியுமா உங்களுக்கு? 'அதெல்லாம் அம்மாவிடம் சொல்' என்று சொல்லியிருப்பீர்கள். அம்மா, 'இதெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று தன் அம்மா சொன்னதையே சொல்லியிருப்பார். உங்கள் மகனுக்கு மீசை அரும்பியதும் முதுகிலே தட்டிச் சிங்கம் என்றீர்கள். அந்தச் சிங்கம் குரல் உடைந்து, உடலின் மாற்றம் புரியாமல், கையிலிருக்கும் தொலைபேசித் திரையிலே கிடைக்கும் குப்பையை அறிவென்று நம்பிக் கலங்குவதைக் கண்டீர்களா? ஆண் பிள்ளைக்கு என்ன நோவு என்று பள்ளியும் கேட்பதில்லை; நாமும் கேட்பதில்லை. மூட நம்பிக்கையை ஒழிப்போம் என்று சுவரெழுதிய நம் கைகளே, வீட்டு வாசலைத் தாண்டியதும் தூரம், தீட்டு என்ற சொற்களுக்குக் கதவு திறந்துவிடுகின்றன. கனவான்களைத் திட்டும் தகுதி நமக்கு முழுதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வேலை இருக்கிறது, தோழரே. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலே மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நம் கிளைக்கழகத் தோழர் பலரும் அவர்தம் துணைவியரும் அந்தக் குழுக்களிலே இருக்கிறார்கள். கூட்டத்திலே தேநீர் அருந்தித் தீர்மானத்தில் கையெழுத்திட்டுத் திரும்புவதற்கா போனீர்கள்? நோயுற்ற பிள்ளையை இந்தப் பள்ளியிலே எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த நாற்காலிகளும் விளையாட்டுச் சாமான்களும் அடைந்த அறையைக் காட்டினால், அதை ஒழித்துத் தரும்படி அன்றே தீர்மானம் போடுங்கள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் சக்கர நாற்காலி நுழையுமா என்று பாருங்கள். நாப்கின் வேண்டும் என்றால் யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை பேர் முன்னால் கேட்க வேண்டும் என்று மாணவியரைத் தனியே விசாரிக்கச் சொல்லுங்கள். விசாரிப்பவர் பெண்ணாக இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை மருத்துவக் குழு வரும் நாளிலே, தாழ்வாரத்தில் அல்ல, வகுப்பறைக்குள் ஒரு தடுப்புத் திரையாவது கட்டச் சொல்லுங்கள். திரை கட்டுவதற்கு ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எங்கள் நாடகக் குழுவிலே பழைய திரைகள் கிடக்கின்றன. அரண்மனையும் நந்தவனமும் தீட்டிய திரைகள். பிள்ளைகள் ரசிப்பார்கள்.

பிள்ளைகளையும் அழைத்துப் பேசுங்கள். எந்த நேரத்தில் அந்த அறை திறந்திருந்தால் வருவீர்கள், யார் இருந்தால் பேசுவீர்கள், எது கண்டு அஞ்சுகிறீர்கள் என்று கேட்டால், எந்த நிபுணர் குழுவும் எழுதாத அறிக்கை பத்து நிமிடத்தில் கிடைக்கும். எங்கள் கண்ணகி எனக்குச் சொன்னாள்: மதிய உணவு மணி அடித்த பிறகு, கூட்டம் கலைந்த நேரத்தில், பெயரைக் கேட்டு எழுதாமல், உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை இருந்தால் வருவாளாம். "மாத்திரையும் விழுங்குவேன் அண்ணா, யாரும் பார்க்காவிட்டால்" என்றாள்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது அரை மணி நேரம் முன்னதாகவே போங்கள். அறைக்கதவின் உட்புறத்திலே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, முன்வாசலில் உங்களுக்காகக் காத்திருக்கும் தலைமையாசிரியரிடம் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, சுற்றுச் சுவரின் பின்புறமாக ஒருமுறை நடந்து, எருக்கஞ்செடியின் அடியிலே குனிந்து பாருங்கள்.